விரல் நகத்தில் வசந்தகால நிலக்காட்சி தீட்டும் முறை

வளர்ந்த ஒருவரின் சுட்டுவிரல் நகம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமும் அதைவிடச் சற்றுக் கூடுதலான நீளமும் உடையது. அந்தச் சிறிய இடத்துக்குள் வானம், மலை, புல்வெளி, பூத்த மரம் ஆகிய நான்கையும் கொண்டுவர அசாத்தியமான கைத்திறன் வேண்டும் என்றுதான் தொடங்குபவர்கள் எண்ணுகிறார்கள். நான் பார்த்தவரை, கை நடுங்கிப் படம் கெட்டுப்போவது குறைவு. ஒரு பூச்சின் ஈரம் காய்வதற்குள் அடுத்ததைத் தொடுவதாலும், நகம் தாங்காத அளவுக்கு விவரங்களைத் திணிப்பதாலும் கெட்டுப்போவதே மிகுதி. ஆகவே, தொலைவில் உள்ளதை முதலிலும் அருகில் உள்ளதைக் கடைசியிலும் தீட்டுவது, ஒவ்வோர் அடுக்கையும் மெல்லியதாகப் பூசிக் காயவிடுவது என்னும் இரண்டு ஒழுங்குகளைச் சுற்றியே இங்கே சொல்லப்படும் முறை அமைந்துள்ளது.

படத்தின் மேற்புறம் எது?

தூரிகையைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்யவேண்டிய செய்தி இது. கையை நீட்டி நம் நகங்களை நாமே பார்க்கும்போது நகத்தின் நுனி மேற்புறமாகவும், நகம் முளைக்கும் இடத்திலுள்ள தோலான அடித்தோல் இருக்கும் பக்கம் கீழ்ப்புறமாகவும் தெரியும். எதிரே இருப்பவர் பார்க்கும்போது அது தலைகீழாக மாறிவிடும். யாருக்காகத் தீட்டுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்றாலும், இதில் நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. எனவே ஒரு வாரத்திலேயே அடித்தோலை ஒட்டி வெறும் நகம் கோடுபோல் தெரியத் தொடங்கும். அந்தப் பக்கத்தில் அடர்ந்த பச்சை இருந்தால் இடைவெளி உடனே கண்ணில் படும். வெளிறிய வானம் இருந்தால் அவ்வளவாகத் தெரியாது. மறுபக்கத்தில், நகத்தின் நுனிதான் முதலில் தேய்ந்து உதிரும் இடம் என்பதால், அங்கே புல்வெளியை வைத்தால் ஓரிரு புல்தாள்கள் குறைந்தாலும் படம் பாழாகாது. பத்து நாள்களுக்கு மேல் நிலைக்க வேண்டிய படத்தில், வானத்தை அடித்தோல் பக்கமும் நிலத்தை நுனிப் பக்கமும் வைப்பதையே நான் விரும்புவேன். ஒரு மாலைப்பொழுதுக்கு மட்டும் என்றால், தீட்டிக்கொண்டவரே பார்த்து மகிழும் வகையில் நுனியை வானமாக்குவதில் தவறில்லை. எந்தத் திசையானாலும் ஐந்து விரல்களுக்கும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும்.

எல்லா விரல்களிலும் முழுக் காட்சியைத் தீட்ட வேண்டியதில்லை. மோதிர விரலிலும் நடுவிரலிலும் முழுக் காட்சி, மற்ற மூன்றிலும் வானத்தின் நிறமும் ஓரிரு உதிர்ந்த இதழ்களும் என்று பிரித்துக்கொண்டால் உழைப்பு பாதியாகும். பார்ப்பவரின் கண்ணும் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கும். நான்கு விரல்களிலும் ஒரே மலைத்தொடரைத் தொடர்ச்சியாக ஓடவிடுவதும் அழகுதான். ஆனால் விரல் நுனிகள் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை என்பதால், அடிவானத்தைக் கையின் குறுக்கே நேர்க்கோடாகக் கணக்கிடாமல், ஒவ்வொரு நகத்திலும் நிலம் வரும் பக்கத்து விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைத்துக்கொள்வதே பொருத்தம்.

வண்ணங்களும் கருவிகளும்

பின்னணிக்குச் சாதாரண நகப்பூச்சும், படத்துக்கு அக்ரிலிக் வண்ணமும் என்ற கூட்டணியைப் பரிந்துரைக்கிறேன். நகப்பூச்சு அதிலுள்ள கரைப்பான் ஆவியாவதால் காய்கிறது. புதிய நகப்பூச்சை அதன் மேல் தடவினால் அதே கரைப்பான் கீழ்ப்பூச்சையும் இளக்கிவிடும். அக்ரிலிக் வண்ணத்தில் இருப்பது நீர். அது ஈரமாக இருக்கும்வரை, நனைத்த தூரிகையால் துடைத்தெடுத்தாலும் அடியிலுள்ள நகப்பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. காய்ந்த பிறகோ நீரில் கரையாது. அதனால் ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றை அச்சமின்றித் தீட்டலாம். காயும்போது சற்றே இருண்டுவிடும் குணம் அதற்கு உண்டு என்பதால், வேண்டிய நிறத்தைவிட ஒரு பங்கு வெளிறியதாகவே கலக்க வேண்டும்.

வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், நீலம், சிவப்பு, மண்பழுப்பு ஆகிய ஐந்து நிறங்கள் போதும். நீலத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. ஊதாச் சாயல் கொண்ட அல்ட்ராமரின் நீலத்தை மஞ்சளோடு கலந்தால் மங்கிய பச்சைதான் கிடைக்கும். பசுமைச் சாயலுள்ள தாலோ நீலத்தைக் கலந்தால்தான் புதுத்தளிரின் ஒளிரும் பச்சை கைகூடும். தூரிகைகளில் மெல்லிய கோடு இழுக்க ஏழெட்டு மில்லிமீட்டர் நீள மயிருள்ள லைனர் தூரிகை ஒன்று, நுனி கூரான குட்டைத் தூரிகை ஒன்று, ஓரங்களைத் துடைக்கத் தட்டையான பழைய தூரிகை ஒன்று என மூன்று வேண்டும். புள்ளிகளுக்கென விற்கும் கருவியை வாங்காவிட்டாலும் இழப்பில்லை. பல்குச்சி, குண்டூசியின் தலை, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ஆகிய மூன்றும் மூன்று அளவுப் புள்ளிகளைத் தந்துவிடும். ஒப்பனை ஸ்பாஞ்சின் சிறு துண்டுகள் சிலவும், வண்ணம் கலக்க ஒரு பிளாஸ்டிக் மூடியும் எடுத்துக்கொண்டால் ஏற்பாடு முடிந்தது. தூரிகையின் நுனியைக் கூராக்க வாயில் வைக்கும் பழக்கம் ஓவியம் பயின்றவர்கள் சிலருக்கு உண்டு. சில வண்ணப்பொருள்களில் நச்சு உலோகங்கள் இருப்பதால், அந்தப் பழக்கத்தை முற்றிலும் விட்டுவிட வேண்டும்.

நகத்தைப் பதப்படுத்துதல்

பழைய பூச்சை நீக்கி, நகங்களை ஒரே வடிவத்தில் அராவி, கைகளைச் சோப்பால் கழுவி நன்றாக உலரவிட வேண்டும். நகத்தின் மேல் எண்ணெய்ப்பசை எஞ்சியிருந்தால் எவ்வளவு நல்ல பூச்சும் இரண்டே நாளில் உரிந்துவிடும் என்பதால், கடைசியாக நகப்பூச்சு நீக்கியில் தோய்த்த பஞ்சால் ஒருமுறை துடைப்பது நல்லது. அடித்தோலை வெட்டாமல், குளித்த பிறகு மென்மையாக இருக்கும்போது மெல்லத் தள்ளிவிட்டாலே போதும். பிறகு பேஸ் கோட் எனப்படும் நிறமற்ற அடிப்பூச்சு ஒன்று. இது நகத்தில் மஞ்சள் கறை படியாமல் காப்பதோடு மேலே வரும் பூச்சுக்குப் பிடிமானமும் தருகிறது. அது காய்ந்ததும் வெள்ளை நகப்பூச்சை மெல்லியதாக இருமுறை பூச வேண்டும். மஞ்சளும் இளஞ்சிவப்பும் ஒளி ஊடுருவும் நிறங்களாதலால், அடியில் வெள்ளை இல்லாவிட்டால் வசந்தத்தின் துலக்கம் வராது. நகத்தின் இயல்பான நிறம் கலந்து எல்லாம் கலங்கலாகத் தெரியும். புட்டியைக் குலுக்கினால் காற்றுக்குமிழிகள் உண்டாகும். உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுவதே சரியான வழி. ஒவ்வொரு பூச்சுக்கும் ஐந்து நிமிட இடைவெளி கொடுத்து, கடைசிப் பூச்சுக்குப் பிறகு கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

நீரில் கலந்த அக்ரிலிக், வழவழப்பான நகப்பூச்சின் மேல் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும். பலர் இந்தக் கட்டத்தில் வண்ணத்தைக் குறைகூறுகிறார்கள். மேட் டாப் கோட் எனப்படும் பளபளப்பில்லாத, நிறமற்ற மேற்பூச்சு ஒன்றை மெல்லியதாகப் பூசினால் பரப்பு சற்றுச் சொரசொரப்பாகி, காகிதத்தில் தீட்டுவதுபோல வண்ணம் ஒட்டிக்கொள்ளும்.

வானம்

தலைக்கு மேலே அடர்ந்திருக்கும் நீலம் அடிவானத்தை நெருங்க நெருங்க வெளிறிப்போவதை எந்தத் தெளிந்த நாளிலும் காணலாம். ஸ்பாஞ்சுத் துண்டைச் சிறிது நனைத்துப் பிழிந்து, அதன் முகப்பில் இளநீலத்தையும் வெள்ளையையும் ஒன்றையொன்று தொடும்படி இரண்டு பட்டைகளாகத் தடவி, நகத்தின் மேல் இழுக்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டு பட்டைகளும் சேருமிடத்தில் ஸ்பாஞ்சை ஒரு மில்லிமீட்டர் மேலும் கீழும் நகர்த்தி ஒற்றினால் கோடு மறைந்து நிறங்கள் கரையும். காலைப்பொழுதாகக் காட்ட விரும்பினால் அடிவானப் பகுதியில் மிகச் சிறிதளவு இளஞ்சிவப்பையும் சேர்க்கலாம். மேகத்துக்குத் தூரிகை வேண்டாம்; ஸ்பாஞ்சின் கிழித்த முனையில் வெள்ளையைத் தொட்டு, அதில் பாதியைக் காகிதத்தில் ஒற்றிவிட்டு, எஞ்சியதை நகத்தில் மூன்று முறை தொட்டால் மேகம் வந்துவிடும். ஒரு நகத்துக்கு ஒரு மேகத்துக்கு மேல் வைத்தால் அது மழைக்காலமாகிவிடும்.

வானம் காய்ந்ததும் மேட் டாப் கோட்டை இன்னொரு முறை மெல்லியதாகப் பூசிவிடுவது என் வழக்கம். இதற்குப் பிறகு மலையோ மரமோ தவறிப்போனால், உடனே ஈரப் பஞ்சால் துடைத்தெடுத்துவிட்டு வானம் கெடாமல் மறுபடி தொடங்கலாம். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் இப்படிப் பூசிக்கொண்டே போனால் நகம் தடித்து, உட்புறம் காயாமல் மெத்தென்று நின்றுவிடும். ஒருமுறை மட்டுமே இந்தச் சலுகை.

தொலைவு மலைகள்

நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்று, நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால், மலை தொலைவில் இருக்க இருக்க நீலமாகவும் வெளிறியும் தோன்றுகிறது. லியனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் விரிவாக ஆராய்ந்த இந்த உண்மையே ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குள் பல கல் தொலைவைக் காட்டும் வழி. வானத்தின் நீலத்தில் ஒரு துளி சிவப்பைச் சேர்த்து, வெள்ளையால் நன்றாக வெளிறச் செய்து, வளைந்த ஒரு கோடு வரைந்து அதன் கீழ்ப்பகுதியை நிரப்பினால் அது கடைசி மலை. அதே கலவையில் சிறிது மஞ்சளைச் சேர்த்தால் கிடைக்கும் சாம்பல் கலந்த பச்சை, அதற்கு முன்னால் நிற்கும் குன்றுக்கு உரியது. இரண்டு வரிசைகள் போதுமானவை. முகடுகளை ஒன்றின் உச்சி மற்றொன்றின் சரிவில் விழுமாறு மாற்றி அமைக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் உயர்ந்தால் ஒட்டகத் திமில்போல் தெரியும். மலையில் மரங்களையோ பாறைகளையோ காட்ட முற்பட வேண்டாம். அங்கே ஒரு விவரத்தைச் சேர்த்த கணமே மலை அருகில் வந்துவிடும்.

நகம் தட்டையான பலகை அன்று என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இருபுற ஓரங்களும் கீழ்நோக்கி வளைவதால், நேராகப் பார்க்கும்போது ஓரத்தில் உள்ளவை குறுகித் தெரியும். ஆகவே மரத்தையோ உயர்ந்த முகட்டையோ ஓரத்தில் வைத்தால் வீணாகிவிடும். மலைக்கோட்டை மட்டும் ஓரம்வரை இழுத்து முடிக்க வேண்டும். நடுவிலேயே நின்றுவிட்ட மலைக்கோடு, விரலைச் சற்றுத் திருப்பினாலே முழுமையடையாததாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

புல்வெளி

தமிழில் கொழுந்து, தளிர், இலை என்று வளர்ச்சிக்கேற்பப் பெயர்கள் உண்டு. பச்சையைக் கலக்கும்போது அந்தப் பாகுபாடு நன்றாகவே உதவுகிறது. வசந்தத்தின் பச்சை தளிரின் பச்சை. அதில் மஞ்சள்தான் முதன்மை, நீலம் துணை. எலுமிச்சை மஞ்சளை எடுத்துவைத்து, அதில் நீலத்தைத் தூரிகை நுனியளவு மட்டும் தொட்டுத் தொட்டுச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலைகீழாக நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கத் தொடங்கினால், மூடி நிறைய வண்ணம் கலந்தும் தளிர்ப்பச்சை கிடைக்காது. குன்றை ஒட்டிய பகுதியில் வெள்ளை கலந்த இளம்பச்சையையும், முன்பக்கம் வரவரச் சற்று அடர்ந்த பச்சையையும் குறுக்குவாட்டுத் தீற்றல்களாகப் பூச வேண்டும். அவை ஒன்றோடொன்று முழுமையாகக் கலக்காமல் வரிவரியாக நின்றாலே வெளி விரிந்து கிடப்பதுபோல் தோன்றும்.

தனித்தனிப் புல்தாள்கள் முன்வரிசையில் மட்டுமே தெரிய வேண்டும். இதற்கு வண்ணம் பால் பதத்தில் இருக்க வேண்டும். நீர் அதைவிட மிகுந்தால் ஒட்டும் பசை நீர்த்துப்போய்க் கோடு உடைந்து நிற்கும். லைனர் தூரிகையின் மயிர் முழுவதையும் வண்ணத்தில் நனைத்து, பக்கவாட்டில் உருட்டிக் கூராக்கி, புல்லின் அடியில் ஊன்றி மேல்நோக்கிச் சுண்டியெடுத்தால், அடி தடித்தும் நுனி மெலிந்தும் புல்தாள் தானே அமையும். மெதுவாக இழுத்த கோடு நடுங்கும்; விரைவாகச் சுண்டிய கோடு நடுங்காது. இரு கைகளின் சுண்டுவிரல்களையும் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து, முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் மேலும் அடங்கும். இளம்பச்சையில் ஏழெட்டு, அடர்பச்சையில் மூன்று நான்கு, வெவ்வேறு சாய்வில் இருந்தால் போதும்.

பூத்த மரமும் பூக்களும்

மண்பழுப்பில் சிறிது நீலம் கலந்த நிறமே அடிமரத்துக்கு ஏற்றது; கறுப்பைப் பயன்படுத்தினால் மரம் படத்திலிருந்து துண்டாக வெளியே நிற்கும். நகத்தின் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி, லேசான வளைவோடு ஓர் அடிமரம், அதிலிருந்து இரண்டு மூன்று கிளைகள். கிளைகளை அடிமரத்திலிருந்து வெளிநோக்கி இழுத்து, நுனியில் அழுத்தத்தைக் குறைத்துத் தூக்க வேண்டும். பூக்கள் மறைக்கப்போகும் இடங்களில் கிளைகளைத் துல்லியமாக வரைவது வீண்வேலை.

பூங்கொத்துகளுக்கு இளஞ்சிவப்பை மூன்று அடர்த்திகளில் கலந்துகொள்ள வேண்டும். முதலில் அடர்ந்ததை ஸ்பாஞ்சு நுனியாலோ தேய்ந்த தூரிகையாலோ கொத்துக்கொத்தாக ஒற்றி, கொத்துகளுக்கிடையே வானம் தெரியும் துளைகளை விட வேண்டும். இந்தத் துளைகள் இல்லாத மரம் பஞ்சுமிட்டாயைப்போல் இருக்கும். காய்ந்ததும், நடுத்தர அடர்த்தியுள்ள நிறத்தைச் சிறு புள்ளிகளாக அதன் மேல் வைக்க வேண்டும். ஏறக்குறைய வெள்ளையான மூன்றாவது நிறத்தை ஒளி விழும் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, எல்லா விரல்களிலும் அதையே கடைப்பிடிப்பது அவசியம். மரத்தடியிலும் சில இளஞ்சிவப்புப் புள்ளிகளைச் சிந்தினால், உதிர்ந்த இதழ்கள் மரத்தை நிலத்தோடு இணைக்கும்.

கட்டைவிரலில் இடம் தாராளமாக இருப்பதால் அங்கே ஒரு தனிப் பூவைப் பெரிதாகத் தீட்டலாம். செர்ரிப் பூவுக்கு ஐந்து இதழ்கள். ஒவ்வோர் இதழின் நுனியிலும் சிறு பிளவு இருக்கும். பிளவில்லாமல் வட்டமாக முடிந்தால் அது பிளம் பூவாகிவிடும். வண்ணத்தைத் தயிர்ப் பதத்தில் வைத்து ஐந்து புள்ளிகளை வட்டமாக இட்டு, காய்வதற்குள் ஒவ்வொன்றையும் பல்குச்சியால் மையத்தை நோக்கி இழுத்தால் இதழ் வடிவம் வரும். வெளிநுனியைக் குச்சிமுனையால் சிறிது உள்தள்ளினால் பிளவும் அமையும். நடுவில் அடர்ந்த சிவப்பில் ஒரு புள்ளி, அதிலிருந்து மயிரிழைக் கோடுகள் சில, அவற்றின் நுனியில் மஞ்சள் மகரந்தம். பக்கத்துக் கிளையில் பேனா முனையால் சிறிய அரும்புகளையும் குண்டூசித் தலையால் சற்றுப் பெரிய மொட்டுகளையும் வைத்துவிட்டால், ஒரே நகத்தில் அரும்பு, மொட்டு, மலர் மூன்றும் வந்துவிடும்.

புல்வெளியிலுள்ள பூக்களுக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு எனச் சில புள்ளிகள் போதும். பின்னால் இருப்பவை சிறியதாகவும் நெருங்கியும், முன்னால் இருப்பவை பெரியதாகவும் விலகியும் இருக்கட்டும். டியூலிப் வேண்டுமென்றால், ஒரு தண்டின் மேல் கிண்ணம்போன்ற சிறு தீற்றலும் அதன் மேல்விளிம்பில் மூன்று கூர்முனைகளும் வைத்தால் ஆயிற்று. வண்ணத்துப்பூச்சி, பறவை, வீடு, வேலி, வானவில் எல்லாவற்றையும் சேர்க்கும் ஆசை இந்தக் கட்டத்தில்தான் எழும். இவற்றில் ஒன்றை மட்டும், ஒரே நகத்தில் மட்டும் அனுமதிக்கலாம்.

மேற்பூச்சு

இரண்டு மணி நேர உழைப்பு இரண்டு நொடியில் குழம்பிப்போவது இங்கேதான். டாப் கோட்டிலுள்ள கரைப்பான் அக்ரிலிக்கையும் சற்று இளக்கக்கூடியது; காயாத வண்ணத்தின் மேல் தூரிகையை அழுத்தி முன்னும் பின்னும் தேய்த்தால் இளஞ்சிவப்பு முழுவதும் வானத்தில் இழுபடும். பத்து நிமிடம் காத்திருந்து, தடித்த புள்ளிகள் இருந்தால் இன்னும் கூடுதலாகக் காத்திருந்து, தூரிகையில் ஒரு முழுத் துளி எடுத்து அடித்தோலுக்கு அருகே வைக்க வேண்டும். தூரிகையின் மயிர் நகத்தைத் தொடாமல், அந்தத் துளியைத் தள்ளிக்கொண்டே நுனிவரை ஒரே ஓட்டத்தில் போக வேண்டும். நடுவில் ஒன்று, இருபுறமும் இரண்டு என மூன்று ஓட்டங்கள். நகத்தின் வெட்டுவிளிம்பையும் மூடிப் பூசினால் நுனி உதிர்வது குறையும். ஓரத் தோலில் படிந்த நகப்பூச்சை, நீக்கியில் நனைத்த தட்டைத் தூரிகையால் துடைத்துவிடலாம். நீக்கியிலுள்ள அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பும் விளக்கும் எரியாத, காற்றோட்டமுள்ள இடமாக இருக்க வேண்டும். தொட்டால் ஒட்டாத நிலை விரைவில் வந்துவிட்டாலும் உட்புறம் இறுகச் சில மணி நேரம் ஆகும். அதுவரை வெந்நீரையும் பாத்திரம் துலக்குவதையும் தள்ளிப்போட வேண்டும். இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை டாப் கோட்டைப் புதுப்பித்தால் பளபளப்பு குறையாது.

ஜெல் பூச்சில் இதையே செய்பவர்கள், ஒவ்வோர் அடுக்கையும் புற ஊதா விளக்கில் வைத்து இறுக்கிவிட்டு அடுத்ததைத் தொடலாம் என்பதால் காத்திருப்பு குறையும். ஆனால் இறுகாத ஜெல் தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை உண்டாகக்கூடும். ஆகவே தோலில் பட்டதை விளக்கில் வைப்பதற்கு முன் துடைத்துவிட வேண்டும், அந்தந்த ஜெல்லுக்கு உரிய விளக்கையே பயன்படுத்தவும் வேண்டும்.

மற்றொரு கை

வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்கை நகங்களை நன்றாகத் தீட்டிவிட்டு, வலக்கைக்கு வரும்போது தடுமாறுவது இயல்பு. வானமும் மலையும் பூங்கொத்தும் ஒற்றியெடுக்கும் வேலைகள். இவற்றை எந்தக் கையும் செய்யும். சிக்கல் கோடுகளில்தான். அவற்றைத் தனியாகத் தயாரித்து ஒட்டிவிடலாம்: சிலிகோன் விரிப்பின் மேல் டாப் கோட்டை இருமுறை பூசி உலரவிட்டு, அதன் மேல் பழகிய கையால் மரத்தையும் புல்தாள்களையும் தீட்டி, மீண்டும் ஒருமுறை மெல்லியதாகப் பூசி, சில மணி நேரம் கழித்து உரித்தெடுத்தால் மெல்லிய படலமாக வரும். நகத்திலுள்ள வானமும் மலையும் காய்ந்த பின் தெளிந்த பூச்சு ஒன்றைத் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே படலத்தை இடுக்கியால் வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி, மிஞ்சிய விளிம்பைக் கத்தரித்துவிட்டு டாப் கோட் பூச வேண்டும். இந்தப் படலம் நகத்தின் வளைவோடு படியாமல் ஓரத்தில் தூக்கிக்கொண்டால், நீக்கியில் லேசாக நனைத்த தூரிகையால் அந்த ஓரத்தைத் தொட்டால் இளகிப் படிந்துவிடும்.

படத்தை நீக்கும்போது சுரண்டுவது கூடாது. அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் ஒரு நிமிடம் அழுத்தி வைத்து, நுனியை நோக்கி ஒரே இழுப்பில் துடைத்தால் அடுக்குகள் பெரும்பாலும் ஒன்றாகவே கழன்றுவரும். பூங்கொத்துகள் இருந்த தடித்த இடங்களுக்கு மட்டும் இன்னொரு நிமிடம் தேவைப்படலாம். பிறகு கைகளைக் கழுவி, நகத்துக்கும் அடித்தோலுக்கும் சிறிது எண்ணெய் தடவிவிட வேண்டும்.